ஈரம் இருந்தால்தான் காயும்

சீனாவின் மிங் அரச வம்சக் காலத்துச் சிவப்புப் பெட்டி ஒன்றின் படத்தை அனுப்பி, "மரத்தைச் செதுக்கிவிட்டு மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. மரம் உள்ளே வெறும் கூடுதான். பூவும் இலையும் செதுக்கியிருப்பது லாக்கர் என்ற மேற்பூச்சிலேயே. ஒரு பூச்சு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஆழமாகச் செதுக்க வேண்டுமென்றால் நூறு பூச்சுக்கு மேலும் போகும். ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது.

மொத்தமாக ஒரே தடவையில் அப்பினால் என்ன? காய்ச்சிய பால் மாதிரி மேலே ஏடு படிந்து சுருங்கிவிடும், அடியில் பிசுபிசுப்பு அப்படியே நிற்கும். காரணம், இது காயும் விதமே வேறு. நம் ஊர் அரக்கு பூச்சி தருவது; இந்த லாக்கரோ ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். இதை வெயிலில் வைக்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் 70-80 சதவீதமும், வெப்பம் 25 டிகிரி வாக்கிலும் இருந்தால்தான் நன்றாக இறுகும்.

ஏன் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாலில் பெரும்பங்கு உருஷியால் என்ற எண்ணெய். அதற்குள் நுண்ணிய நீர்த்துளிகள் மிதக்கின்றன. துளிகளுக்குள் லாக்கேஸ் என்ற நொதி. அதில் நான்கு தாமிர அணுக்கள். இந்தத் தாமிரம் உருஷியாலிடமிருந்து எலக்ட்ரானை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். பறிகொடுத்த மூலக்கூறு சும்மா இருக்குமா? பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும், அது இன்னொன்றை. நான்கு எலக்ட்ரான் சேர்ந்ததும் தாமிரம் அவற்றைக் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். ஆக்சிஜன் தண்ணீராக மாறும், தாமிரம் அடுத்த பிடுங்கலுக்குத் தயார். துளி வற்றிப்போனால் நொதி முடங்கிவிடும், அதனால்தான் ஈரம். அப்புறம் உருஷியால் மூலக்கூறுகளின் வால் போன்ற பகுதிகளும் மெதுவாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, அமிலமோ ஆல்கஹாலோ எளிதில் கரைக்க முடியாத ஒரு வலை உருவாகிறது. 1970களில் சீனாவின் சாங்ஷா நகர் அருகே மாவாங்துய் கல்லறைகளைத் திறந்தபோது, 2,100 ஆண்டுக்கு முந்தைய ஹான் காலத்து லாக்கர் தட்டுகள் பளபளப்போடு கிடைத்தன.

மரப்பாலை இறுக வைப்பது நொதி வகைப் பொருள் ஒன்றுதான் என்று 1883-ல் கண்டவர் ஜப்பானிய வேதியியலாளர் ஹிகோரோகுரோ யோஷிதா. இன்று ஜீன்ஸ் துணியை வெளுக்கவும் லாக்கேஸ் பயன்படுகிறது. 'இதனால் என்ன பயன்?' என்று முதல் கேள்வியிலேயே மடக்கும் ஆராய்ச்சி நிதிக் குழுக்களிடம் யோஷிதா மாட்டியிருந்தால், காசு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

இதே உருஷியால் தோலில் பட்டால் அங்குள்ள புரதத்தையும் பற்றிக்கொண்டு கொப்புளம் கிளப்பும். முந்திரியும், வண்ணார் துணியில் குறி போட்ட சேங்கொட்டையும் இந்த மரத்தின் குடும்பம்தான். சேங்கொட்டைச் சாறு மேலே பட்டு வீங்குவதற்கும் இதன் உறவுக்கார எண்ணெயே காரணம். அதற்கு மந்திரிப்பது வீண், உடனே சோப்புப் போட்டுக் கழுவுவது மேல்.

சரி, ரசனைக்கு வருவோம். இறுகிய படலம் தானாகவே பழுப்பு நிறம். வெள்ளையைக் கலந்தால் காப்பி நிறம்தான் வரும். அந்தப் பழுப்பை மீறி நின்றது சாதிலிங்கம் என்ற பாதரசத் தாதுவின் சிவப்பு, இரும்போ கரியோ தந்த கருப்பு. சீன லாக்கர் என்றாலே இந்த இரண்டு நிறங்கள் நினைவுக்கு வருவதில் வேதியியலுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே ரசனை எத்தனையோ முறை மாறியது. சோங் காலத்தில் அலங்காரமே இல்லாத, பூவிதழ் வடிவக் கிண்ணங்களை விரும்பினார்கள். அடுத்து வந்த யுவான் காலத்துக் கைவினைஞர் ஜாங் செங், மிங் பேரரசர் யோங்லேயின் பட்டறைக்காரர்கள் ஆகியோர் ஆழமாகச் செதுக்கி, விளிம்புகளை மழுங்கத் தேய்த்தார்கள். சிவப்பையும் கருப்பையும் மாற்றி மாற்றிப் பூசி, சாய்வாகச் சுருள் வெட்டும் திஷி என்ற வகையும் உண்டு. வெட்டின் சரிவில் அத்தனை பூச்சும் வரிவரியாகத் தெரியும். என் ஓட்டு அதற்குத்தான். 18-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியென்லோங்கின் அரசவை வேலைகளில் கைத்திறன் அபாரம், ஆனால் விரலளவு வெற்றிடம் கிடைத்தாலும் அங்கே சீனர்கள் மங்கலமாகக் கருதும் வௌவால் ஒன்றைச் செதுக்கிவிடுகிறார்கள்.