பக்கத்துக் கோபுரம் ஏன் காத்திருக்கிறது?

கோவை வாசகர் ஒருவர் எழுதுகிறார்: “கல்லூரி முடித்து 25 ஆண்டுகள் கழித்து நண்பர்கள் நால்வர் பெங்களூரில் ஒரு ராக் கச்சேரிக்குப் போனோம். விடுதி அறையில் கேசட் தேயத் தேயக் கேட்ட அதே குழு. பாடகருக்குத் தலை நரைத்திருந்தது. எங்களில் இருவருக்கு நரைக்க முடியே இல்லை. மலிவு டிக்கெட் என்பதால் மைதானத்தின் கோடியில் நின்றோம். பக்கத்திலேயே ஒலிபெருக்கிக் கோபுரம். ஆனாலும் பாட்டு மேடையிலிருந்து வருவதுபோலத்தான் கேட்டது. எப்படி?”

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அவர் மேடையிலிருந்து 120 மீட்டர் தள்ளி நின்றதாக வைத்துக்கொள்வோம். மேடை ஒலி அவரை அடைய ஏறத்தாழ 340 மில்லி வினாடி ஆகும். கோபுரத்துக்கு வரும் மின்சைகைக்கோ நேரமே ஆகாது. அப்படியே ஒலிக்கவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை காதில் விழும். நம் ஊர்த் திருவிழாவில் தெரு நெடுகக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளில் அறிவிப்பு கூழாகிப் போவது இதனால்தான்.

ஆகவே கோபுரத்தின் ஒலியைத் தாமதப்படுத்துகிறார்கள். 1973 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் கார்ப் பந்தயத் திடலில் சுமார் ஆறு லட்சம் பேர் திரண்ட கச்சேரியிலேயே இதற்கு டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டன.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். தாமதம் 340 மில்லி வினாடியோடு நிற்பதில்லை. வேண்டுமென்றே இன்னும் 15 மில்லி வினாடி சேர்க்கிறார்கள். மேடையிலிருந்து வரும் மெலிந்த ஒலி முதலில் காதைத் தொடுகிறது; கோபுரத்தின் ஒலி அதன் பின்னால் வருகிறது. மூளை இரண்டையும் ஒன்றாக்கி, முதலில் வந்த திசையையே ஒலியின் பிறப்பிடமாகப் பதிந்துகொள்கிறது. பின்னால் வருவது 10 டெசிபெல் வரை, அதாவது ஆற்றலில் பத்து மடங்கு வரை கூடுதலாக இருந்தாலும் தீர்ப்பு மாறுவதில்லை! சுவரிலும் பாறையிலும் பட்டு வரும் எதிரொலிகளுக்கு நடுவே, கூப்பிட்டவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்க நமக்கு வாய்த்த திறமை இது.

இதை அளந்தவர் ஹெல்முட் ஹாஸ். 1949இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்தது, ஒற்றை எதிரொலி பேச்சின் தெளிவை எப்படிப் பாதிக்கிறது என்பதை. ராக் இசையே அன்று பிறந்திருக்கவில்லை. “இதன் உடனடிப் பயன் என்ன?” என்று கேட்கும் இன்றைய நிதி விண்ணப்பப் படிவத்தில் அவர் என்ன எழுதியிருப்பார்? அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எரிச்சல்.

அந்த 15 மில்லி வினாடியில் தாராளமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. மாலையில் 35 டிகிரியாக இருந்த காற்று இரவில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும். 120 மீட்டருக்கு மேடை ஒலி சுமார் 6 மில்லி வினாடி பிந்தும். வெறும் 5 மில்லி வினாடி மட்டும் சேர்த்திருந்தால் வரிசை தலைகீழாகிவிடும். பாடகர் சட்டென்று கோபுரத்துக்குத் தாவிவிட்டதுபோல் இருக்கும். நல்ல ஒலிப் பொறியாளர் கச்சேரியின் நடுவே வெப்பமானியையும் பார்த்துக்கொள்வார்.

அடுத்த முறை டிரம்ஸ் வாசிப்பவரின் குச்சியைக் கவனியுங்கள். அது கீழே இறங்கி மூன்றில் ஒரு வினாடி கழித்தே உங்களுக்கு அடி கேட்கும். பக்கத்துக் கோபுரம் நினைத்தால் கண்ணோடு சேர்த்தே அந்த அடியைக் கொடுத்துவிட முடியும். கொடுக்காமல் காத்திருக்கிறது.