"அப்படியெல்லாம் பேசாதீங்க அப்பாயி"

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப்புறங்களில் உளவளத்துணை வேலை செய்யும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. வயதானவர் தன் சாவைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், "சும்மா இருங்க, நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்று வீட்டார் மறித்துவிடுவார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோகிறது, பயம் மட்டும் அவருக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

இத்தனைக்கும் சாவு நமக்குப் புதிதில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஓர் இழவு விழுந்தால் தப்பு மேளச் சத்தம் மலைக்கு மலை கேட்கும். மரண சகாய சங்கம் முன்னே நிற்கும். ஒப்பாரி, கருமாதி எதிலும் குறை வைக்க மாட்டோம். செத்த பிறகு செய்ய வேண்டியதெல்லாம் நமக்கு அத்துப்படி, சாவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசத்தான் வரவில்லை.

முதுமையில் வரும் இழப்பு சாவு மட்டுமில்லை. செக்ரோல் என்னும் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இருந்து பேர் எடுபட்ட நாளோடு மலைக்குப் போகும் கூட்டமும் கங்காணியோடு போட்ட சண்டையும் கூடப் போய்விடுகின்றன. பிள்ளைகள் கொழும்பிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். முழங்கால் படி இறங்க விடுவதில்லை.

மலையகத்துக்கே உரிய இன்னொரு இழப்பும் உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான இலங்கை–இந்திய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்புறம் வந்த ஆண்டுகளில் தலைமன்னார் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குக் குடும்பங்கள் பிரிந்து போயின. இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களில் பலர் அந்தப் பிரிவை இளவயதில் கண்ணால் பார்த்தவர்கள்.

பொகவந்தலாவைப் பக்கம் ஓர் அம்மா. கணவர் இறந்த பிறகு, அவரைச் சொல்லி அழாமல், அந்தக் காலத்தில் இந்தியாவின் நீலகிரிப் பக்கம் போன தன் அக்காவைச் சொல்லியே அழுதுகொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தார்கள். பால்மா டின்னுக்குள் ஒரு நீலநிற விமானக் கடிதம் வைத்திருந்தார், மடிப்பெல்லாம் கிழிந்து எழுத்து மங்கியது. "செத்தவருக்குக் கருமாதி செஞ்சாச்சு. அவ இருக்காளா இல்லையான்னே தெரியலையே, நான் என்னத்தச் செய்ய?" என்றார். முடிவு தெரியாத இத்தகைய இழப்பைப் பற்றி ஆய்வாளர் போலின் பாஸ் நிறைய எழுதியிருக்கிறார். அதற்குச் சடங்கு இல்லை என்பதால்தான் துக்கம் ஆறாமல் கிடக்கிறது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் கதையைக் கேட்டுத் தன் போனில் பதிவு செய்தாள். அந்த அம்மா அழுவதை நிறுத்தவில்லை. ஆனால் சாப்பிடத் தொடங்கினார், பிறகு தன் காரியத்தைப் பற்றியும் அவராகவே பேசினார்: கணவர் பக்கத்திலேயே புதைக்க வேண்டும், கடன் வாங்கிச் செலவு செய்யக் கூடாது.

இப்படிப் பேசும்போது காகிதங்களையும் பார்த்துவிடுங்கள். அடையாள அட்டையில் ஒரு பேர், சேமலாப நிதியில் வேறு பேர் என்பது தோட்டத்தில் சர்வசாதாரணம். அவர் உயிரோடு இருக்கும்போது திருத்துவதே சுலபம்.

துக்கத்துக்குப் படிவரிசை கிடையாது. மனநல மருத்துவர் குப்லர் ரோஸ் 1969இல் சொன்ன, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து நிலைகளை ஏணிப்படி மாதிரி எடுத்துக்கொண்டு, "இன்னும் ஏத்துக்கலையா?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர் சாகும் நோயில் இருந்தவர்களோடு பேசித்தான் அவற்றை எழுதினார். ஒருநாள் சிரித்து மறுநாள் உடைந்துபோவது இயல்பு.

ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாகியும் துக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. சீனி, பிரஷர் மாத்திரைகளை விடுவது, திடீரென்று குடி கூடுவது, "நான் உங்களுக்குப் பாரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவற்றுக்கு மாதக்கணக்கு பார்க்க வேண்டாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதானால் கிளினிக் நாளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், வயதானவரை இரண்டு தடவை பஸ் ஏற்ற வேண்டியிருக்காது.