ஹாங்கி டாங்க் நாட்டுப்புறப் பாட்டு அல்ல

"மூத்த நாட்டுப்புறப் பாடகர் மீண்டும் பாரம்பரிய நாட்டுப்புற இசைக்குத் திரும்பினார்." அமெரிக்கப் பாடகர்களைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. நாட்டுப்புறப் பாடகர் நாட்டுப்புற இசைக்குத் திரும்பினார் என்றால், நடுவில் எங்கே போயிருந்தார்? செய்தியே அந்தத் திரும்புதலில்தான் இருக்கிறது. மூலத்தில் கண்ட்ரி, ஹாங்கி டாங்க் என்று இரண்டு சொற்கள். கண்ட்ரி என்பது அமெரிக்காவின் ஒரு பெரிய வணிக இசைவகை, ஹாங்கி டாங்க் அதற்குள் ஒரு கிளை. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டதும் செய்தி காணாமல் போய்விடுகிறது.

ஹாங்கி டாங்க் முதலில் ஓர் இடத்தின் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்துப் பத்திரிகைகளில் இந்தச் சொல் தென்படுகிறது. குடி, ஆட்டம், பாட்டு, அவ்வப்போது அடிதடி எல்லாம் நடக்கும் மட்டரகமான கேளிக்கைக் கடை என்று பொருள். டாங்க் என்ற பெயரில் பியானோ செய்த கம்பெனியிலிருந்து வந்தது என்பார்கள், வெறும் ஒலிக்குறிப்பு என்பார்கள், எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. பிறப்பு கிடக்கட்டும், வளர்ந்த கதைதான் முக்கியம்.

1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. கிழக்கு டெக்சஸ் எண்ணெய் வயல்களில் கையில் கூலியோடு நின்ற தொழிலாளிகளுக்காக ஊருக்கு வெளியே, சாலையோரத்தில் இந்தக் கடைகள் முளைத்தன. உள்ளே ஜூக்பாக்ஸ், காசு போட்டால் பாடும். ஆட்டக்காரர்களின் காலடிச் சத்தத்திலும் குடித்தவர்களின் கூச்சலிலும் வெறும் மரக் கிட்டார் எடுபடாது. எர்னஸ்ட் டப் என்ற கண்ட்ரிப் பாடகர் 1941-இல் தன் புகழ்பெற்ற பாட்டில் மின்கிட்டாரைச் சேர்த்ததற்கே, கடைச் சத்தத்தில் அவருடைய இசைத்தட்டு கேட்கவில்லை என்ற புகார்தான் காரணம் என்பார்கள். இந்தக் கடைகளில் வளர்ந்த பாட்டுக்கும் கடையின் பெயரே ஒட்டிக்கொண்டது. பாடுபொருளும் மாறியது. மலையும் தாய்வீடும் தேவாலயமும் போய், குடி, துரோகம், மணமுறிவு, நடுராத்திரித் தனிமை வந்தன. பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். இந்தக் கடைகளுக்கு வந்துபோகும் பெண்களைப் பழித்து வந்த ஒரு பாட்டுக்கு 1952-இல் பாடகி கிட்டி வெல்ஸ் ஒரு பதில் பாட்டுப் பாடினார், அவர்கள் இப்படி ஆனதற்குக் காரணம் ஆண்கள்தான் என்று. கண்ட்ரி இசையின் தரவரிசைப் பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் அவரே.

இனி அந்தத் திரும்புதலுக்கு வருகிறேன். பாடகர் ரே பிரைஸ் டெக்சஸ்காரர், ஹாங்க் வில்லியம்ஸோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர். 1956-இல் இவருடைய 'கிரேசி ஆர்ம்ஸ்' 20 வாரம் முதலிடத்தில் நின்றது. அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஃபிடில், அதாவது கண்ட்ரிப் பாணியில் வாசிக்கும் வயலின், இழுக்கும், பின்னால் ஸ்டீல் கிட்டார் விம்மும், அடியில் பேஸ் என்ற தாழ்சுரத் தந்திக் கருவி தாளத்தின் நான்கு அடிகளிலும் விடாமல் நடந்துகொண்டே இருக்கும். ஆடுகிறவன் காலைத் தரையில் தேய்த்தபடி சுற்றிவரத் தோதான நடை அது, அதற்கு ரே பிரைஸ் ஷஃபிள் என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படிப்பட்டவர் 1967-இல் ஹாங்கி டாங்க் பாணியை விட்டுவிட்டு, பெரிய வயலின் கூட்டத்தோடு 'டேனி பாய்' பாடினார், பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் 1980-இல் இன்னொரு கண்ட்ரிப் பாடகரான வில்லி நெல்சனோடு ஓர் ஆல்பம். 2007-இல் தன் 81-ஆம் வயதில் நெல்சன், மெர்ல் ஹாகர்ட் என்ற இரு கண்ட்ரிப் பாடகர்களோடும் சேர்ந்து 'லாஸ்ட் ஆஃப் தி பிரீட்' என்ற ஆல்பம். மறுபடி அதே ஃபிடில், அதே ஸ்டீல், அதே நடை. இந்த மனிதர் எந்தக் காலத்திலும் கண்ட்ரியை விட்டுப் போகவில்லை. ஹாங்கி டாங்கை விட்டுப் போனார், ஹாங்கி டாங்குக்கு வந்தார். இதை நாட்டுப்புற இசை என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவீர்கள்?

நாட்டுப்புறப் பாடல் என்ற சொல் நம்மிடம் சும்மா கிடக்கும் சொல் அல்ல. கி.வா. ஜகந்நாதனும் நா. வானமாமலையும் தேடித் தேடித் தொகுத்துக் கொடுத்த பாட்டுகளுக்கு உரிய பெயர் அது. தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, கும்மி: எழுதியவர் யாரென்று தெரியாது, வாய்க்கு வாய் மாறும், யாருக்கும் உரிமைத்தொகை போகாது. ஹாங்கி டாங்க் இதற்கு நேர்மாறு. சம்பளத்துக்கு எழுதும் பாடலாசிரியர், காப்புரிமை, இசைத்தட்டுக் கம்பெனி, விற்பனைப் பட்டியல் என்று முழுக்க முழுக்க வணிகத்தில் பிறந்த இசை. அமெரிக்காவிலேயே ஃபோக், அதாவது அவர்களுடைய நாட்டுப்புற இசை, தனி வகை, அதற்குத் தனி மேடை, தனி விருது. அதற்கும் நாட்டுப்புறம், இதற்கும் நாட்டுப்புறம் என்றால் ஃபோக் பாடகர் வுடி கத்ரியையும் ரே பிரைஸையும் தமிழ் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

ஒரு மறுப்பு வரும், நியாயமானதுதான். அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு 1944-இல் முதன்முதலில் வெளியிட்ட இந்த வகைப் பட்டியலின் தலைப்பிலேயே ஃபோக் என்றுதான் இருந்தது. உண்மை. ஆனால் 1949-லேயே அதைத் தூக்கிவிட்டுக் கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களே பொருந்தவில்லை என்று கைவிட்ட பெயரை நாம் ஏன் இன்னும் சுமக்க வேண்டும்?

கானா என்று எழுதுகிறவர்களும் உண்டு. நகரத்து உழைப்பாளி, சாவு, சோகம் என்று சில ஒற்றுமைகள் இருக்கலாம். ஆனால் கானா வடசென்னையின் சொத்து, அதற்கென்று மண்ணும் வரலாறும் மனிதர்களும் இருக்கிறார்கள். வேறு நாட்டு இசைக்குப் பெயர்ப்பலகையாக அதைக் கடன் கொடுப்பது இரண்டு பக்கமும் செய்யும் அநியாயம். சாராயக்கடைப் பாட்டு என்பது இன்னும் மோசம். அது குடியை மட்டும் சொல்கிறது, ஆட்டத்தையும் மேடையையும் விட்டுவிடுகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பிராட்வே தெருவில் இன்றும் வரிசையாக இருக்கும் ஹாங்கி டாங்குகளில் நேரடிப் பாட்டுக்குத்தான் கூட்டம்.

என் முடிவு இதுதான். இசைக்கு ஹாங்கி டாங்க் என்றே எழுதுங்கள், கண்ட்ரியைக் கண்ட்ரி என்றே விடுங்கள். ஜாஸை ஜாஸ் என்றுதானே எழுதுகிறோம்? தூய தமிழ் எனக்கும் வேண்டும், ஆனால் தவறான பொருள் தரும் தமிழ்ச் சொல்லைவிடச் சரியான பொருள் தரும் கடன்சொல் மேல். இடத்துக்குத் தமிழ் வேண்டுமென்றால் களிக்கூடம் பொருந்தும். களித்தல் என்றால் மகிழ்தல், கள்ளுண்டு மயங்குதல் என்று இரண்டு பொருளும் உண்டு. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் "களித்தறியேன்" என்று வள்ளுவர் ஆள்வது இரண்டாவது பொருளில்தான். களி என்றதும் கேழ்வரகுக் களி நினைவுக்கு வருமே என்பவர்களுக்கு, பின்னால் கூடம் நிற்கிறது, வாக்கியத்தில் வைத்துப் படித்தால் யாருக்கும் குழப்பம் வராது.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் ஸ்டீல் கிட்டாரை எஃகு கிட்டார் என்று எழுதுகிறார்கள். கிட்டாரே எஃகால் ஆனது என்றுதானே படிப்பவர் நினைப்பார்? தட்டையாகக் கிடக்கும் அந்தக் கருவியின் தந்திகள் மேல் இடது கையால் ஓர் எஃகுத் துண்டை வைத்து நகர்த்துவார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. அகராதியைப் புரட்டுவதற்கு முன்னால் யாராவது அதை வாசிப்பதை ஒரு வீடியோவில் பார்த்தாலே போதும், இப்படி எழுதமாட்டார்கள்.