சிறை ஊழியம் செய்ய அனுமதி வாங்குவது எப்படி? தமிழ்நாட்டு நிலவரம்

மத்தேயு 25-ஐ வாசித்து, காவலில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்ற பாரத்தோடு, அடுத்த வாரமே பைபிளும் கையுமாகப் புழல் சிறை வாசலில் போய் நிற்பவர்கள் உண்டு. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழைப்பில் குறையில்லை, போன வழிதான் தவறு.

இதற்கு அடிப்படை 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமும் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளும். பின்னணி இவ்வளவு போதும்.

பலரும் முதலில் பிடிப்பது 'மனு பார்க்கிற' வழி, அதாவது மனு கொடுத்து ஒரு சிறைவாசியை நேரில் சந்திப்பது. அது குடும்பத்தார், நண்பர்கள், வக்கீல் ஆகியோருக்கானது. போதகர் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரு சிறைவாசிக்கு மனு வாய்ப்பு அளவோடுதான் உண்டு. கைக்குழந்தையோடு வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண்ணிடம், "இந்த வாரம் மனு முடிஞ்சிடுச்சும்மா" என்று சொல்லி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அவள் கணவனுக்காக ஜெபிக்க வந்த ஒருவர் முந்தின நாளே அந்த முறையை எடுத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தைக் கேட்காமல் யாரையும் மனு பார்க்கப் போகாதீர்கள்.

அலுவல்சாராப் பார்வையாளர் என்று ஒரு பொறுப்பும் உண்டு. அரசு நியமிப்பது. சிறையைச் சுற்றிப் பார்த்துக் குறை கேட்கிற வேலை அது, பிரசங்கத்துக்கு உரியதல்ல. அந்தப் பதவிக்காக அலைய வேண்டாம்.

குழுவாகப் போய் ஆராதனை நடத்த எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அலைக்கழிப்பு தொடங்குவது இங்கேதான். சிறையில் கேட்டால் "எழும்பூர் தலைமையகத்தில் கேளுங்கள்" என்பார்கள். தலைமையகத்தில் "கண்காணிப்பாளர் அறிக்கை வரட்டும்" என்பார்கள். இரண்டு மேசைக்கும் நடுவே தாள் தூங்கும். ஆகவே வாய்மொழிப் பதிலை நம்பி ஊர் திரும்பாதீர்கள். சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கே விண்ணப்பம் எழுதுங்கள். மேலே அனுப்ப வேண்டியிருந்தால் அவர் அனுப்பட்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், தபாலில் என்றால் ஒப்புகை அட்டை வையுங்கள். பதிலே வராவிட்டால், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

விண்ணப்பம் சபையின் லெட்டர்பேடில், ஆயர் அல்லது பங்குத்தந்தையின் கையெழுத்தோடு இருக்கட்டும். தனி ஆளாகக் கேட்பவரைவிடச் சபை பொறுப்பேற்கும் குழுவுக்கு மதிப்பு அதிகம். வருகிற எல்லாருடைய பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுதப்பட வேண்டும். ஆதாரில் 'எஸ். ஜான்' என்றும் பட்டியலில் 'ஜான்சன்' என்றும் இருந்தால், கேட்டில் நிற்கப்போவது அந்த ஜான்தான். கடைசி நேரத்தில் ஆளை மாற்றாதீர்கள். கிறிஸ்துமஸுக்குப் போவதாக இருந்தால் டிசம்பரில் எழுதுவது வீண், மழைக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

உள்ளே போனபின் செல்போன், பணம், கடிதம் எதுவும் கைமாறக் கூடாது. "அம்மாகிட்ட இதை மட்டும் சொல்லிடுங்கண்ணே" என்று ஒருவர் கெஞ்சினால் மனம் இளகும். ஆனால் விதிக்கு மாறாகச் சிறைவாசியோடு தொடர்பு கொள்வதே அந்த 1894 சட்டத்தின் 42-ஆம் பிரிவில் குற்றம். அப்படிப்பட்ட செய்தியை நலன் அலுவலரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் செய்கிற தவறால் மொத்தக் குழுவின் அனுமதியும் போகும். மதம் மாறச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். கூட்டத்துக்கு வர விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் கூடாது.

அப்புறம், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தரும், தொலைபேசி எண் 15100. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் அடைபட்டுக் கிடப்பவர்கள் ஏராளம். ஜாமீன் கிடைத்து 7 நாளில் விடுதலையாகாதவரைப் பற்றிக் கண்காணிப்பாளர் அந்த ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரிவித்தார்களா என்று கேட்கப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அந்தச் சிறைவாசியின் குடும்பத்தை ஜாமீன் உத்தரவின் நகலோடு ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அவர்களைத் தனியாக அனுப்பினால் "நாளைக்கு வாங்க" என்பார்கள்.