பஞ்சு முந்தி, ஊசி பிந்தி

காங்கேயம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பருவம் தப்பின மாசத்துல ஊசி போட்டுச் செம்மறியைச் சினைக்குக் கொண்டாரலாங்களா?" கொண்டுவரலாம். ஆனால் ஊசிக்கு முன்னால் பஞ்சு வேண்டும்; ஹார்மோன் ஏற்றி ஆட்டின் பிறப்புறுப்புக்குள் வைக்கிற பஞ்சு.

லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேர வித்தியாசம். பகல் நீண்டால், இருட்டில் சுரக்கிற மெலட்டோனின் ஹார்மோனின் நேரம் குறைந்து, அங்கத்திய ஆடுகளின் சூலகம் உறங்கிவிடும். நமக்கு வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரந்தான். நம் செம்மறி இனங்களான மேச்சேரியும் குரும்பையும் பருவத்துக்கு வராமல் பெரும்பாலும் நிறுத்துவது தீவனம். கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் காய்ந்தால் பருவமும் காய்ந்துவிடும்.

உறங்கும் சூலகத்தை நேராக எழுப்பினால்? கிடாவை ஒரு மாதம் வாடைகூட எட்டாமல் பிரித்து வைத்துத் திடீரென்று பட்டிக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் கருமுட்டை வெளிப்படும். ஆனால் ஆடு கிடாவை அண்ட விடாது. ஊமைப் பருவம்! பருவ நடத்தையைக் கிளப்புவது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். செம்மறியின் மூளையோ, சில நாள் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனில் ஊறிய பிறகுதான் அதற்குச் செவிசாய்க்கும். விதைக்கும் முன் நிலம் பதமாவது மாதிரி. அந்தப் பதத்தைத்தான் பஞ்சு போடுகிறது.

புரோஜெஸ்டிரோன் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்தான மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோனை 60 மில்லிகிராம் ஏற்றிய பஞ்சைப் பிறப்புறுப்புக்குள் 12 முதல் 14 நாள் வைப்பார்கள். உருவியதும் சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஹார்மோன், 300 முதல் 500 அலகு, தசையில். இதன்மேல் சர்க்கரைத் துணுக்குகள் அடர்ந்திருப்பதால் சிறுநீரகம் சீக்கிரம் வெளியேற்றாது. ஒரே ஊசி நாள்கணக்கில் நிற்கும். அளவு மிஞ்சினால் மூன்று நான்கு குட்டி உருவாகித் தாயே தாங்காது. அந்த அளவெல்லாம் 60, 70 கிலோ ஆட்டுக்கு வகுத்தது. மேச்சேரிப் பெட்டை அதில் பாதிகூடத் தேறாது. நம் இனங்களுக்கு அளவு கண்டுபிடிக்கப் பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம் என்பேன்.

பருவத்தை வரவழைக்கப் போடும் இன்னொரு ஊசியான புரோஸ்டாகிளாண்டின் மட்டும் போட்டால் காசு வீண்; கருமுட்டை வெளியான இடத்தில் உண்டாகும் மஞ்சள் திட்டைத்தான் அது கரைக்கும், உறங்கும் சூலகத்தில் அந்தத் திட்டு இருக்காது. குட்டி போடாத கன்னியாட்டுக்குப் பஞ்சு வேண்டாம், உள்ளே ஒட்டிக்கொள்ளும். உருவும்போது நாறும் சளி வருவது வழக்கந்தான். கையுறை இல்லாமல் பஞ்சைத் தொடாதீர்கள், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம். முதுகெலும்பு கையில் குத்துகிற ஆட்டுக்கு முதலில் மூன்று வாரம் தினம் 250 கிராம் அடர்தீவனம்.

பஞ்சு எடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் மொத்தப் பட்டியும் பருவத்துக்கு வரும். ஒரு கிடாவுக்கு எட்டு ஆட்டுக்கு மேல் விட்டால் விந்து நீர்த்துப்போகும். 17 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரவில்லை என்பதாலேயே சினை என்று எண்ணிவிடாதீர்கள். சினை பிடிக்காத ஆடு பழையபடி உறங்கியும் போயிருக்கலாம். 45 நாளில் ஸ்கேன் செய்து பாருங்கள்.