பழைய கதை சொல்கிறார், சரி. காலையில் நடந்தது?

"டாக்டர், அப்பாவுக்கு ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. முதல் நாள் வேலைக்குப் போனதை இன்றைக்கும் அப்படியே சொல்வார்." இந்த மாதம் இதே பேச்சைக் கேட்பது நான்காவது முறை.

பெரியவர் சொல்லவும் செய்தார். நீலச் சட்டை, கை நீளம், மணிக்கட்டில் மடித்துவிட்டுப் போனாராம். சட்டை யாருடையது என்று கேட்டேன். அண்ணனிடம் இரவல் வாங்கியது. கேட்கவே சுகமாக இருந்தது. "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றேன். மகனைத் திரும்பிப் பார்த்தார். (பதிலுக்கு வீட்டாரை இப்படிப் பார்ப்பதை மறதியின் ஓர் அடையாளமாக நாங்கள் குறித்துக்கொள்வோம்.) ஒன்றரை வருடமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். பழைய கதை சரியாக வருகிறதே என்று அத்தனை நாளும் சும்மா இருந்திருக்கிறார்கள்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: பழையது நினைவிருப்பது, புதியது பதிகிறது என்பதற்குச் சாட்சி அல்ல. 1953-இல் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பெரும்பங்கை அகற்றினார்கள். சிறுவயது நினைவுகள் தங்கின. ஆனால் பல வருடம் அவரைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தொடுவதும் பெரும்பாலும் இதே பகுதியைத்தான். அதனால்தான் ஐம்பது வருடத்துக் கதை பிசகாமல் வரும், அரை மணி முன் மாத்திரை போட்டது நினைவிருக்காது. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடவும் வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். பரிசோதித்தால்தானே தெரியும்?

அப்புறம், இதைப் படித்துவிட்டுக் கதையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். பழசையே பேசுவது மூளை தளர்ந்ததன் அறிகுறி என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிற இயல்பான காரியம் என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இல் எழுதினார். வயதானவர்களைப் பேசவிட்டுப் பாருங்கள், 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வரும். அப்போது முகம் தெளிவதைத் தினமும் பார்க்கிறேன். "பத்துத் தடவை சொல்லிட்டீங்க" என்று வெட்டாதீர்கள். போட்டோவை நீட்டி "இது யாரு, சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். பெயரை நீங்களே சொல்லிவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

கிளம்பும்போது மகன் சொன்னார்: "அது பெரியப்பா சட்டைன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்." ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை பழைய போட்டோக்களையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.