ராஜர்: காதில் விழுந்தது, அவ்வளவுதான்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் விமானம் ஓட்டி விளையாடும்போது 'ராஜர், ராஜர்' என்று கத்துகிறார்கள். என்ன பொருள் என்று கேட்டேன். 'சரி' என்றார்கள். பெரியவர்களைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். அந்த 'சரி'யில்தான் வம்பு இருக்கிறது.

காமராஜருக்கும் இந்த ராஜருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விமானிகள் வானொலியில் சொல்லும் இந்த ராஜர் ஓர் ஆங்கில ஆண்பெயர். தந்தி நாட்களில் 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்கு, 'ரிசீவ்டு' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'ஆர்' மட்டும் போதும் என்று வைத்திருந்தார்கள். வானொலியில் பேசத் தொடங்கியதும், எழுத்துகள் ஒன்றோடொன்று மயங்காமலிருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயர் சூட்டினார்கள். 'ஆர்' எழுத்துக்கு வாய்த்த பெயர் ராஜர். 1956இல் பட்டியலே மாறி 'ஆர்' ரோமியோ ஆகிவிட்டது. ராஜர் மட்டும் வீட்டைக் காலி செய்யாமல் இருந்துவிட்டார்.

விமானத் துறையில் இதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. ஒப்புக்கொண்டேன் என்றோ, செய்கிறேன் என்றோ பொருள் இல்லை. 'ஆம்' என்பதற்கு 'அஃபர்ம்' என்ற தனிச்சொல் உண்டு. 'சொன்னபடி செய்கிறேன்' என்பதற்கு 'வில்கோ' உண்டு. உயரம், ஓடுபாதை போன்றவற்றைத் தரையிலிருந்து வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் சொன்னால் அதற்கு ராஜர் போதாது. சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் ரீட்பேக்.

தமிழில் என்ன சொல்வது? 'கேட்டேன்' என்று எழுதலாமென்றால், நம் மொழியில் அது மூன்று வேலை பார்க்கிறது. செய்தியைக் கேட்டேன், வழியைக் கேட்டேன், அம்மா சொல்லைக் கேட்டேன். வானத்தில் இது ஆகாது. 'சரி' அதைவிட மோசம். காதில் வாங்கியதற்கும் சரி, சம்மதத்துக்கும் சரி, பேச்சை முடித்துக்கொள்வதற்கும் சரி. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டுவோமே, அது நெருங்கி வருகிறது. உம் கொட்டும் பேரன் கதையை நம்பிவிட்டான் என்று அர்த்தமில்லை, இன்னும் தூங்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் எனக்குப் பிடித்தது 'காதில் விழுந்தது'. "ஆற்றுக்குப் போகாதே, காதில் விழுந்ததா?" என்று தாய் கேட்பாள். "விழுந்தது" என்பான் மகன். சாயங்காலம் அவன் குறுக்குத்துறை படித்துறையில்தான் இருப்பான். பொய் சொன்னான் என்று அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எழுத்தில் மரியாதையாக வேண்டுமென்றால் 'செய்தி பெற்றேன்' எனலாம்.

'சரி'யின் விலையை 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் உலகம் பார்த்தது. மூடுபனி. ஓடுபாதையின் முனையில் நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம்; அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது அமெரிக்காவின் பான் ஆம் விமானம். புறப்பட்ட பின் செல்ல வேண்டிய வழியை மட்டுமே கட்டுப்பாட்டாளர் சொல்லியிருந்தார். கே.எல்.எம். அதைத் திருப்பிச் சொல்லி, 'இப்போது டேக்-ஆஃபில் (ஓடி மேலெழும் கட்டத்தில்) இருக்கிறோம்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தையும் சேர்த்தது. தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அவர்களோ ஓடத் தொடங்கியிருந்தார்கள். அவர் 'ஓகே' என்றார். 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்று அதன்பின் சொன்னது, பான் ஆமும் அதே நொடியில் பேசியதால், வெறும் கிறீச்சொலியாகிவிட்டது. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது என்றாயிற்று. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'.

ரீட்பேக்கைச் சிலர் 'மறுவாசிப்பு' என்று எழுதுகிறார்கள். அது இலக்கியக் கூட்டத்துக்கு உரிய சொல். 'திருப்பிச் சொல்லல்' போதும். சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் ஏளனம் செய்வோம். விமானியிடம் எதிர்பார்ப்பதே கிளியின் குணத்தைத்தான். ஆனால் கிளி பேசுவதை ஒருவர் உற்றுக் கேட்கவும் வேண்டும். 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரை நெருங்கிய சரக்கு விமானம் ஒன்றை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணும் 'டூ', 'வரை' என்ற பொருள் தரும் இடைச்சொல்லும் 'டூ'. '400 அடி வரை' என்று விமானிகள் கொண்டார்கள். 'ஓகே, நான்கு சுழி சுழி' என்று திருப்பியும் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள்.

எண்களில் நமக்கும் இதே கண்டம் உண்டு. எங்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனில் வாழையிலை சொன்னேன்: ஆறு கட்டு. மார்க்கெட் இரைச்சலில் அவர் "சரி அண்ணாச்சி" என்றார். காலையில் வந்து இறங்கியது அரைக் கட்டு. பந்தியில் பாதிப்பேர் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். சின்னப் பலசரக்குக் கடைக்காரர்கூட "உளுந்து அரைக் கிலோ, சீரகம் நூறு" என்று சொல்லிக்கொண்டேதான் பொட்டலம் மடிக்கிறார். நான் அந்த இலைக்காரரைத் திருப்பிச் சொல்ல வைத்திருக்க வேண்டும். விமானிகள் ஒன்பதை 'நைனர்' என்று இழுப்பதும் ஐந்தை 'ஃபைஃப்' என்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மிகத் தாழ்ந்த அலைவரிசையில் போகும் செய்தி கடலுக்குள் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை எட்டும். அந்த வழியாகக் கப்பல் பதில் பேச முடியாது. ஓர் உம்கூடக் கிடையாது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இறங்கும் விமானிக்காவது வாய் இருக்கிறது.

அடுத்த விசேஷத்துக்கும் அதே இலைக்காரர்தான். "ஆறு கட்டு, ஐந்துக்கு அடுத்த ஆறு" என்றேன். "ஐந்துக்கு அடுத்த ஆறு" என்று சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்.